முப்பத்தோராவது மூச்சு

ஒளி விழாவுக்கு வந்த எல்லாரும்
மேடையைப் பார்த்து உட்கார்ந்திருக்க
சபைக்கு முதுகு காட்டி நிற்க அனுமதி உள்ளவள்
நான் ஒருத்திதான்.
சேலைக்கு அடியில் கம்பளிக் காலுறை.
மறைக்கத்தான் கரையை இறக்கிக் கட்டினேன்;
எப்படியும் முன்வரிசை பார்த்திருக்கும்.

பிரதம விருந்தினர் இன்னும் வரவில்லை.
டயகமப் பாதையில் மண் சரிந்ததாம்.
அதிபர் மைக்கைத் தட்டித் தட்டி
"இதோ, இன்னும் சில நிமிடங்களில்" என்று
மூன்று தடவை சொல்லிவிட்டார்.
அக்கரப்பத்தனை மார்கழி காத்திருக்குமா?
கண்ணாடி போன சட்டம் வழியே
பனிமூட்டம் உள்ளே வந்து
கடைசி வாங்குக்குப் பின்னால் நிற்பவர்களோடு
தானும் நின்றுகொண்டது.

கடைசியில் அதிபரே சைகை காட்டினார்,
சரி, தொடங்குங்க.

நான் கையைத் தூக்கினேன்.

முதற்சொல் பகரத்தில் தொடங்கும் பாட்டு அது.
காதுக்கு வருமுன்னே கண்டேன்:
முப்பது வாயின் உதடுகள் ஒட்டிப் பிரிய
முப்பது வெண்பஞ்சுத் துணுக்கு
ஒரே நேரத்தில்,
ஒரே நேரத்தில்!
செப்டெம்பரிலிருந்து நான் கெஞ்சியது,
அடிமட்டத்தால் மேசையில் தட்டியது,
ஆளுக்கொரு நேரம் ஏற இதென்ன பஸ்ஸா என்று கத்தியது
எல்லாம் இந்த ஒரு வெண்புகைக்குத்தான்.

சத்தத்துக்கு உருவம் இருப்பதை
எந்தக் கலாசாலையில் எனக்குச் சொல்லித் தந்தார்கள்?
நெடில் வந்தால் நீளமாய்ப் போகிறது.
வல்லினம் வெடிக்கிறது.
மெல்லினம் மூக்கு வழியே
இரட்டை நூலாய் இறங்குகிறது.
சுரேனுகாவின் ஆவி ஒல்லி.
ஸ்டெனிஸ்லாசுடையது சோற்றுப்பானை திறந்த மாதிரி.

முப்பது.
ஆனால் நிற்பது முப்பத்தொரு பேர்.

இரண்டாம் வரிசை, வலது கோடி. நிரோஜன்.
வாய் திறக்கிறான், மூடுகிறான்,
அழகாய், தாளம் தப்பாமல்.
ஒன்றும் வெளியே வரவில்லை.
நான்தான் சொன்னேன், போன மாதம்,
மற்றப் பிள்ளைகள் முன்னாலேயே:
"நீ வாய மட்டும் அசைச்சா போதும்."
தலையாட்டினான்.
அன்று இரவு எனக்குச் சோறு இறங்கியது.
நன்றாகவே இறங்கியது.
அதுதான் இப்போது உறைக்கிறது.

முதல் சரணம். இரண்டாம் சரணம்.
அவன் கண் என் மேல் இல்லை,
எனக்குப் பின்னால், கதவுப் பக்கம் எங்கோ.
மூன்றாவதை எடுக்கும் முன்
கதவு கிறீச்சிட்டது.
விருந்தினர் என்றுதான் நினைத்தேன்.
இல்லை. ஈர றப்பர் செருப்புகளின் சத்தம்,
சொட்டும் படங்கு,
திரும்பாமலே தெரிந்துவிடும் பச்சைக் கொழுந்து வாசம்:
அந்தி நிறுவை முடிந்த கையோடு
மலையிலிருந்து நேரே ஓடி வந்திருக்கிறார்கள்.

அவன் வாயில்
முதலில் ஒரு இழை.
பிறகு கொதிக்கும் கேத்தல் மூக்கிலிருந்து போல,
சுருதிக்கு ஒரு படி கீழே,
பொறுப்பே இல்லாமல்,
ஆவி!

இடது கை என்னைக் கேட்காமல் எழுந்தது.
அடக்க எழும் கைதான், பழக்கதோஷம்.
பாதிவழியில் உள்ளங்கை தானே புரண்டு
மேலே, இன்னும் மேலே என்றது.
பார்த்தான். வாயை இன்னும் திறந்தான்.
சுரேனுகா அவன் சுருதிக்குச் சரிந்தாள்,
அவளோடு வரிசை சரிந்தது,
டயகமப் பாதை போல
என் மூன்று மாத உழைப்பும் மொத்தமாய்ச் சரிய
நான் சிரிக்கிறேன்.
சபைக்குத் தெரியாது. முதுகு சிரிக்காது.
பிள்ளைகளுக்குத் தெரியும்.
சிரித்தபடி பாடினால் ஆவி நேராய் வராது,
சிதறிச் சிதறிப் போய்
சைப்ரஸ் கொப்பில் கட்டிய வெள்ளித்தாள் நட்சத்திரத்தை
மறைத்தே விட்டது.

கடைசி நெடிலை நிறுத்த வேண்டிய கையை
இறக்க மறந்து நின்றேன்.
மூச்சு முட்டும்வரை இழுத்தார்கள், பாவம்,
முப்பத்தொரு பேரும்.
என் முகத்துக்கு முன்னாலும்
வெள்ளையாய் ஏதோ கலைந்துகொண்டிருந்தது.

வெளியே ஜீப் வந்து நிற்கும் சத்தம்.
அதிபர் ஓடி வந்தார், வியர்த்து, இந்தக் குளிரில்:
"விருந்தினர் வந்துட்டாங்க டீச்சர்.
மறுபடி முதல்லயிருந்து பாட முடியுமா?"

முடியுமாவா.